அமிலத்தையும் அளக்க வேண்டும்

2003-ஆம் வருஷத்து இந்தியப் புகையிலைச் சட்டம், நிக்கோடின், தார் ஆகிய இரண்டின் அளவையும் பெட்டியின்மேல் குறிக்க வேண்டுமென விதிக்கிறது. அவற்றைச் சோதிக்கும் ரசாயன சாலைகளைப் பற்றியும் பேசுகிறது. நன்று. ஆனால் புகையிலையிலுள்ள அமிலங்களைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லேனும் இல்லை. இது சிறு குறையன்று என்பதே நமது அபிப்பிராயம்.

அமிலத்துக்கும் நிக்கோடினுக்கும் என்ன சம்பந்தம்? நிக்கோடின் காரத்தன்மையுள்ள வஸ்து. அமிலத்தோடு கூடினால் உப்பாகி அடங்கும்; காரம் மிகுந்தால் விடுபடும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்து மெல்லுவோரின் வாயில் நிகழ்வது இதுவே. விடுபட்ட நிக்கோடின் வாயிலிருந்தே விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. புகைப்பதிலோ விஷயம் வேறு. விடுபட்ட நிக்கோடின் தொண்டையை உறுத்தும். அந்த உறுத்தல் இயற்கை வைத்த காவல். உப்பான நிக்கோடினோ உறுத்தாமல் நுரையீரலுக்குள் இறங்கும்.

அமெரிக்காவில் 2015-இல் விற்பனைக்கு வந்த ஜூல் என்னும் மின்சாரச் சிகரெட் இந்தக் காவலைத்தான் உறங்கச் செய்தது. நிக்கோடினோடு பென்சாயிக் அமிலத்தைக் கூட்டினார்கள். ஐரோப்பிய யூனியன் 2014-இல் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோடின் என்று வரம்பு கட்டியிருக்க, அதில் இருந்ததோ சுமார் 59 மில்லிகிராம். பள்ளிப் பிள்ளைகள் அதற்கு அடிமையானதை உலகம் அறியும். அத்தகைய கருவிகளை இந்தியா 2019-இல் தடுத்தது சரியே. ஆனால் சிகரெட்டும் பீடியும் கடைதோறும் விற்கின்றனவே!

புகையிலையில் மாலிக், சிட்ரிக், ஆக்ஸாலிக் அமிலங்கள் இயற்கையாகவே உண்டு. எவ்வளவு இயற்கை, எவ்வளவு சேர்க்கை என்று ஆராய்வதற்கு முதலில் அளக்க வேண்டும். அளப்பது அரிதன்று. தூளாக்கிய இலையை நீரில் ஊறவைத்து வடித்து, திரவ குரோமட்டோகிராபிக் கருவியில் செலுத்தினால், ஒவ்வோர் அமிலமும் தனக்குரிய நேரத்தில் பிரிந்து வெளிவரும். அளவு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடலாம்.

எண்களைக் கண்டு, 'இது தீங்கற்ற சிகரெட்' என்று ஜனங்கள் மயங்க மாட்டார்களா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான அச்சமே. எனவே பெட்டியில் அச்சிடுமாறு நாம் கேட்கவில்லை. உற்பத்தியாளர் ஒவ்வொரு சரக்கின் அமில அளவையும் காரத்தன்மையையும் சர்க்காரிடம் சமர்ப்பிக்கட்டும். சர்க்கார் தன் சாலையில் சோதித்து, முடிவை வருஷந்தோறும் வெளியிடட்டும். 2004-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலை உடன்படிக்கையும் உட்பொருள்களை வெளிப்படுத்தும்படியே கூறுகிறது.

விற்பவனுக்குத் தெரிந்த ரகசியம் ஆள்பவனுக்குத் தெரியாதிருப்பது ஒரு சுதந்திர தேசத்துக்கு அழகன்று.