முதல் கல் நைசாக இருக்கட்டும்

சவரக்கத்தி தீட்ட முதன்முதலாகக் கல் வாங்குகிறவர் 8000 கிரிட் கல் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மதுரையில் சலூன் நடத்துகிறவன், அடைப்பம் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போய்ச் சவரம் செய்தவரின் மகன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். நம் ஊர் இளைஞர்களுக்குச் சொல்லப்படுவது நேர் எதிராக இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பிளேடை வீசி எறிந்து எறிந்து சலித்துப்போய், சொந்தக் கத்தியில் தானே முகம் மழித்துக்கொள்ள விரும்பும் பையன்கள் கடைக்கு வருகிறார்கள். கத்தி ஏற்கெனவே கையில் இருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் செய்ததாக இருக்கும், அல்லது தாத்தா பெட்டியில் கிடந்ததாக இருக்கும். "அண்ணே, எந்தக் கல்லுண்ணே வாங்குறது?" என்று கேட்பார்கள். இணையத்தில் பார்த்து வைத்திருப்பதையும் காட்டுவார்கள்: 400, 1000, 3000, 8000 என்று நான்கு முகம், கீழே மூங்கில் தட்டு, கூடவே கத்தியின் முதுகில் மாட்டுகிற கோண கிளிப். எல்லாம் ஒரே பெட்டியில். விலையும் மலிவு.

அந்தப் பெட்டி சமையல்கட்டுக் கத்திக்குச் செய்தது. அதை விற்பவர் சவரக்கத்திக்கும் ஆகும் என்று எழுதியிருந்தால் அது தவறு. போன வருடம் ஒரு தம்பி கொண்டுவந்த கத்தியை இன்னும் மறக்க முடியவில்லை. அழகான சோலிங்கன் கத்தி. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வாய் நெடுகிலும் குறுக்குக் கீறல்கள். முதுகில் ஒரு கோடுகூட இல்லை. கிளிப்பை மாட்டி முதுகைக் கல்லிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று அதைப் பார்த்ததுமே தெரிந்தது.

சவரக்கத்திக்குக் கிளிப் எதுவும் வேண்டாம். கோணத்தைக் கத்திக்குள்ளேயே வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். முதுகின் தடிமன், கத்தியின் அகலத்தில் நாலில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி படுக்க வைத்துத் தள்ளினால், வாயில் 15 முதல் 18 டிகிரிக்குள் ஒரு கோணம் தானாக அமைகிறது. வீட்டுக் காய்கறிக் கத்தியின் கோணம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னொன்றும் இதில் உண்டு. கல்லில் வாய் தேய்கிறபோது முதுகும் கூடவே தேய்கிறது; அதனால் எத்தனை வருடம் தீட்டினாலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. இதை முதலில் யோசித்தவர் யாரோ, கைதேர்ந்த தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும். முதுகில் தங்க வேலைப்பாடு இருந்தால் அது தேயாமலிருக்க இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் ஒரு முறை ஒட்டினால் அடுத்த முறையும் ஒட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கோணம் இடறும்.

சரி, ஏன் 8000? முதல் கல் கத்தியின் கூரைப் பராமரிக்கத்தான்; அந்தப் பராமரிப்பு என்றால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். மயிர் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் கத்தி மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020-இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கான காரணத்தை வெளியிட்டார்கள். ஜியான்லூகா ரோசியோலி என்ற ஆய்வாளர் தானே சவரம் செய்து, பிளேடை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். வாய் உருண்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்த இடத்தில், நுண்ணிய சில்லுகள் பெயர்ந்திருந்தன. மயிர் வளைந்து ஒரு சாய்வில் படுகிறபோது, உலோகத்தின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்தச் சில்லு விழுகிறதாம். எங்கள் அப்பாவுக்கு நுண்ணோக்கி கிடையாது. கத்தி வாயை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். நல்ல வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது ஊசிமுனை அளவு மினுங்கினால் அங்கே வாய் போய்விட்டது என்பார்.

பராமரிப்புக்குக் கல் வாங்குகிறவர் எடுக்க வேண்டியது அந்த அளவு நுண்ணிய சேதத்தை மட்டும்தான். சவரத்துக்கு முன்னால் தினமும் தோல்வாரில் இழுத்துவந்தால் பெரும்பாலும் கல்லே வேண்டியிருக்காது. இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நாள், வாரில் எவ்வளவு இழுத்தாலும் கத்தி தாடையில் மயிரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அப்போதுதான் கல். அந்த நேரத்தில் 1000 கிரிட் கல்லில் வைப்பது, தேவையே இல்லாமல் புதிதாக ஆழமான கீறல்களைப் போட்டுவிட்டு அவற்றை அழிக்க இன்னும் மூன்று கல் வாங்குகிற வேலை. கத்தியும் வீணாகத் தேயும். நைசான கல்லில் கை தவறினால் நஷ்டம் குறைவு. சொரசொரப்பான கல்லில் தவறினால் அந்தத் தவறு கத்தியில் பதிந்துவிடும். கை பழகாதவருக்கு எந்தக் கல்லைக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கிரிட் எண்களை நம்புவதிலும் கவனம் வேண்டும். கல்லில் இருக்கிற மூன்று மைக்ரான் துகளை ஐரோப்பிய எஃப் அளவுகோல் 1200 என்று குறிக்கிறது. ஜப்பானின் ஜேஐஎஸ் அளவுகோல் அதே துகளை 4000 என்கிறது. நான் சொல்கிற 8000, ஜப்பானிய அளவு. அதில் துகள் 1.2 மைக்ரானை ஒட்டி இருக்கும். எந்த அளவுகோல் என்றே சொல்லாமல் "10000 கிரிட்" என்று மட்டும் அச்சடித்த கல்லை வாங்காதீர்கள். நார்ட்டன் நிறுவனத்தின் 4000/8000 இரட்டைக் கல்லை மேல்நாட்டில் பல பேர் முதல் கல்லாக வாங்குகிறார்கள். வாங்கலாம், 8000 பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். தீட்டுவதற்கு முன் அதைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். நானிவா நிறுவனத்தின் 12000 கல்லும் பராமரிப்புக்கு ஏற்றது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். இவற்றில் எண்ணெய் மட்டும் பட்டுவிடக் கூடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இருபக்கக் கல் தச்சரின் உளிக்கும் அரிவாளுக்கும் நல்ல கல். சவரக்கத்தியை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இயற்கைக் கல் மீது ஆசைப்படுகிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு நீளும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில், வீல்சாம் ஊரைச் சுற்றி வெட்டியெடுக்கிற மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லில் நுண்ணிய கார்னெட் படிகங்கள் நிறைந்திருக்கின்றன. படிகம் உருண்டை வாட்டத்தில் இருப்பதால் அது ஆழமாகக் கீறாது. ஜெர்மனியின் தூரிங்கியாவில் எஷர் என்ற பெயரில் விற்ற பழைய கற்களுக்கும், ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த நாகயாமா கற்களுக்கும் இன்று பெரிய விலை. எல்லாமே அருமையான கற்கள்தான். ஆனால் மண்ணிலிருந்து வந்த கல் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒன்று வேகமாக வெட்டும், இன்னொன்று சோம்பும். ஒன்றுக்குத் தண்ணீர் மட்டும் போதும், இன்னொன்றில் சேறு கரைத்துத் தீட்டினால்தான் வேலை நடக்கும். தீட்டி முடித்தும் கத்தி வெட்டவில்லை என்றால், குறை கல்லிலா கையிலா என்று பழகுகிறவருக்குத் தெரிய வழியில்லை. முதல் கல் சந்தேகப்பட வேண்டாத கல்லாக இருக்க வேண்டும். அப்போதுதான் கையைத் திருத்திக்கொள்ள முடியும். செயற்கைக் கல்லில் அந்தச் சந்தேகம் இல்லை.

அந்தக் கல்லும் சமமாக இருந்தால்தான் பயன். புதுக் கல் என்றாலும் மேற்பரப்பில் மேடு பள்ளம் இருக்கும். பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, 325 கிரிட் வைரத் தகட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், கோடு அழியாமல் நிற்கிற இடம் பள்ளம். எல்லாக் கோடும் அழிகிறவரை தேய்க்க வேண்டும். கல்லின் ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கல்லுக்குப் பணம் செலவழிக்கிறவர்கள் வைரத் தகட்டுக்குத் தயங்குகிறார்கள். அது இல்லாமல் கல்லை வாங்கவே வேண்டாம் என்பேன்.

இனி தீட்டுவது. கல்லில் தண்ணீர் நிற்கட்டும். கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள். அப்படியே குறுக்காக இழுத்து, அடியில் தொடங்கி நுனியில் முடியுங்கள். திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும், வாய் கல்லில் புரளக் கூடாது. அழுத்தம் கூடவே கூடாது. கத்தியின் எடை போதும். அப்போது தண்ணீரைக் கவனியுங்கள். வாய் நெடுகச் சரியாகப் படிந்திருந்தால், தண்ணீர் மெல்லிய மடிப்பாக எழும்பி வாயின் மேல் ஏறி அலகின் மேல் பரவும். எங்கே தண்ணீர் ஏறாமல் அடியில் நுழைந்து போகிறதோ அங்கே வாய் கல்லைத் தொடவில்லை. இதைப் பார்க்கப் பழகிவிட்டால் வேறு சோதனை அதிகம் வேண்டாம். சத்தமும் சொல்லும்: முதலில் சற்றுக் கரகரக்கும், பிறகு கேட்கிறதா இல்லையா என்பது போல் அடங்கும். நகத்தில் வைத்துக் கூர் பார்க்கிற பழக்கம் வேண்டாம், இப்போதுதான் கட்டிய வாய் அதில் கெடும். முடித்ததும் வாரில் இழுங்கள், முதலில் துணிப் பக்கம், பிறகு தோல். வாரில் முதுகு முன்னே போக வேண்டும். வாயை முன்னே தள்ளினால் தோல் அறுந்துபோகும்.

இந்த வித்தை நம் ஊரில் ஏன் இல்லாமல் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வந்த விழிப்புணர்வு, ஒருவருக்குப் போட்ட கத்தியை இன்னொருவருக்குப் போடக் கூடாது என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பிளேடு மாட்டும் கத்திக்குச் சலூன்கள் மாறின. மிகவும் சரியான மாற்றம். என் கடையிலும் ஒவ்வொருவருக்கும் புது பிளேடுதான், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தீட்டுகிற கத்தி, வீட்டில் ஒருவர் தன் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிற கத்தி. ஆனால் பிளேடு வந்ததும் கல்லும் வாரும் பரணில் ஏறின. எங்கள் தலைமுறையில் தீட்டத் தெரிந்த கடைசி ஆட்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் வரவில்லை.

இப்போது பையன்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதுக் கத்தி என்றாலும் பல கத்திகள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே சவரம் செய்கிற கூரில் வருவதில்லை. அந்த முதல் வாயை நீங்கள் கட்ட வேண்டாம். உங்கள் ஊரில் பழைய சலூன்காரர் யாராவது இருந்தால், கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பாருங்கள். அரை நாள் வேலை அது. ஒரு முறை முடிவெட்டுகிற காசை நீட்டாதீர்கள், அரை நாள் கூலியைக் கொடுங்கள். சரியான வாய் எப்படி இருக்கும் என்று முகத்தில் ஒரு முறை உணர்ந்த பிறகுதான், அதைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று புரியும். அந்த வாயை 8000 கல்லிலும் வாரிலும் நிறுத்திக்கொண்டு ஒரு வருடம் போகட்டும். அதற்குள் கத்தி கீழே விழுந்து வாய் உடைந்தாலோ, துருப்பிடித்த பழைய கத்தி ஒன்று கைக்கு வந்தாலோ, அப்போது 1000 கிரிட் கல் வாங்குங்கள்.