எந்தப் பச்சை?

அறைக்குப் பச்சை வர்ணம் என்று முடிவு செய்வது சுலபம். எந்தப் பச்சை என்பதில்தான் வீட்டில் கலகம் பிறக்கிறது.

கடியப்பட்டணத்து மீனவர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வர்ண அட்டையில் அடுத்தடுத்து இரண்டு பச்சைகள். இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கணவர். ஒன்றில் மஞ்சள் ஓடுகிறது, மற்றதில் நீலம் ஓடுகிறது என்கிறாள் மனைவி.

இருவர் சொல்வதும் நிஜமே. விடியுமுன் கடலுக்குப் போய், மீன் விற்று, வலை செப்பனிட்டுத் திரும்பும் கணவர் அறையில் நிதானமாக உட்காருவது விளக்கு வைத்த பிறகு. மஞ்சள் விளக்கொளியில் நீலச் சாயல் மங்கி இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். மனைவியோ பகலெல்லாம் அங்கேதான். பிற்பகலில் மேற்கு ஜன்னல் வழியாகக் கடல் வெயில் அடிக்கும். வெளியே தென்னை நின்றால் ஓலையின் பச்சையும் சேர்ந்து சுவரில் விழும். அட்டையில் அடக்கமாயிருந்த கிளிப்பச்சை, நான்கு சுவரிலும் ஏறியதும் ஒன்றிலிருந்து ஒன்று பிரதிபலித்துக் கண்ணைக் குத்தும். இது பிரமை அல்ல.

ஆகையால் தீப்பெட்டி அளவு அட்டையை நம்பி வாளிக் கணக்கில் பெயிண்டு வாங்குவது அசட்டுத்தனம். இரண்டிலும் சிறு டப்பா வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழம், இருண்ட மூலையில் ஒரு முழம் பூசிப் பார்க்கலாம். ஈரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காய்ந்த பிறகு காலை, பிற்பகல், விளக்கு வைத்த நேரம் என்று மூன்று வேளையும் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் வெளிறியதே மேல். சுவரில் ஓதம் இருந்தாலோ, எந்தப் பச்சையும் பொரிந்து உதிரும்.

பச்சைக்குப் பொல்லாத சரித்திரமும் உண்டு. 1775-ல் ஸ்வீடன் நாட்டு ரசாயன நிபுணர் ஷீலே உண்டாக்கிய பச்சையில் ஆர்ஸெனிக் விஷம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் ஏறிப் பலரை நோயில் தள்ளியது. இன்று கவனிக்க வேண்டியது ஈயம். வீட்டுப் பெயிண்டில் அது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. குழந்தை தவழும் வீட்டில், பச்சையின் பெயரைவிட டப்பாவில் இந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே அவசியம்.

கடைசித் தீர்ப்பு யாருடையது? பணம் கொடுப்பவருடையது என்பது வழக்கம். அது நியாயமல்ல. பகல் முழுதும் அந்தச் சுவர்களுக்கு நடுவே வாழ்கிறவளே சொல்லட்டும். விளக்கு வெளிச்சத்தில் கணவருக்கு இரண்டும் ஒன்றுதானே!