கடன் அல்ல, கூலியே குடும்பத்தைக் காக்கும்

ஏழைக் குடும்பங்கள் சேமிக்கப் பழக வேண்டும், வரவுக்குள் வாழ வேண்டும் என்ற உபதேசம் ஓயாமல் ஒலிக்கிறது. அந்த வரவு எவ்வளவு என்ற கேள்வியை மட்டும் உபதேசிப்போர் எழுப்புவதில்லை.

தொழிலாளியின் ஊதியத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதை 1957ஆம் ஆண்டு 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வரையறுத்தது. நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, எரிபொருள், விளக்கு ஆகியவை அதில் அடங்கும். கல்வி, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்கும் ஊதியத்தில் 25 சதவீதம் இடம்பெற வேண்டும் என்று ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2019இல் மோடி அரசு அறிவித்த தேசியக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 178 ரூபாய். அரசே அமைத்த நிபுணர் குழு அதே ஆண்டில் பரிந்துரைத்ததோ 375 ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தாலும் 178 ரூபாய்க் கூலி 4,628 ரூபாயைத் தாண்டாது. இதில் எதைச் சேமிப்பது?

கூலி விட்ட இடைவெளியில்தான் நுண்கடன் நிறுவனங்கள் நுழைகின்றன. ஒரு பெண் தவணை தவறினால் குழுவே பொறுப்பு என்ற ஏற்பாடு, அண்டை வீட்டாரையே வசூல்காரர்களாக்குகிறது. 2010இல் தற்கொலைகள் தொடர்ந்த நிலையில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. அந்த அனுபவத்திற்குப் பின்னரும், 2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டிக்கான உச்சவரம்பை நீக்கியது. கடன் தவணை மாத வருமானத்தில் பாதி வரை போகலாம் என்றும் அனுமதித்தது. மூன்று வேளை உணவுக்கே போதாத வருமானத்தில் பாதியைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் எப்படி நிலைபெறும்?

உழைப்பாளிக்குக் கடனே கூடாது என்பதல்ல நமது வாதம். வங்கிகள் நேரடியாகக் குறைந்த வட்டியில் தர வேண்டிய கடன், நுண்கடன் நிறுவனங்கள் வழியாகக் கைமாறிக் கூடுதல் வட்டியுடன் வந்து சேர்வதையே எதிர்க்கிறோம்.

தேவையை அடிப்படையாகக் கொண்ட குறைந்தபட்ச ஊதியம், ஏழைகளுக்கு நேரடி வங்கிக் கடன், நுண்கடன் வட்டிக்கு உச்சவரம்பு, வலுவான ரேஷன், 2014இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சத் தொழிலாளர் ஓய்வூதியத்தின் உயர்வு ஆகியவை பிரிக்க முடியாத கோரிக்கைகள். ஆலை வாயிலில் கூலிக்காகவும் தெருவில் கடன் கொடுமைக்கு எதிராகவும் நடக்கும் இயக்கங்கள் தனித்தனியே நிற்கலாகாது. இரண்டிலும் வதைபடுவது ஒரே குடும்பம். தொழிற்சங்கத்தையும் மாதர் அமைப்பையும் ஒரே களத்தில் இணைப்பது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமை.