பால் கூடினாலும் பிள்ளை அழும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாப்பாமாரும் வாசியுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முந்தநாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு பிள்ளை கோல் எடுத்தாள். என்னிடம் ஓ.எல். வரைக்கும் படித்தவள். இப்போது அவளுக்கு ஆறு கிழமைக் குழந்தை. பேச்சே வரவில்லை, அழுகைதான். பின்னால் குழந்தையும் கத்துகிறது. கடைசியில் சொன்னாள்:

"டீச்சர், என்ட புள்ளைக்கு என்னைப் புடிக்கல்ல. மார்ல வச்சா ரெண்டு இழுவை இழுத்துப்போட்டு முதுகை வளைச்சிக் கத்துறான். மாமி சொல்றாங்க பால் காணாதாம். எங்கட உம்மா சொல்றா பால் சூடாம். நாளைக்குப் பால்மா வாங்கப் போறம்."

நான் கேட்டது ஒன்றுதான். "உன்ட சட்டை நனையுதா?"

"சட்டையா டீச்சர்? படுக்கையே நனையுது. ஒரு பக்கம் குடுக்கக்குள்ள மற்றப் பக்கம் ஓடுது."

கிளினிக்கில் நிறை எப்படி என்று கேட்டேன். நன்றாகக் கூடியிருக்கிறது என்று மிட்வைஃப் மிஸ் சொன்னாவாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறான் என்று கேட்டதற்கு, எண்ணவே முடியாது, துணி கழுவிக் கை விட்டுப்போச்சு என்றாள்.

பால் காணாத பிள்ளை இப்படி நிறை கூடாது, இப்படி நனைக்கவும் மாட்டாது. அவளுக்குப் பால் குறைவில்லை. அளவுக்கு மிஞ்சி வருகிறது.

இப்படி ஒன்று இருக்கிறதென்று எங்கள் ஊரில் யாருமே பேசுவதில்லை. எனக்கும் என் இரண்டாவது மகன் பிறக்கும் வரை தெரியாது. 3 கிலோ 100 கிராமில் பிறந்தவன் ஒரு மாதம் முடியும்போது 4 கிலோ 500. ஆனால் நாளெல்லாம் அழுகை. மாரில் வைத்தால் பைப் திறந்த மாதிரிப் பால் பாயும். அவனுக்கு மூச்சு முட்டும், இருமுவான், காற்றையும் சேர்த்து விழுங்குவான், பிறகு வாயை எடுத்துவிட்டுக் கத்துவான். முகமெல்லாம் பால். வயிறு ஊதிக் கிடக்கும். மலம் பச்சையாக, நுரைநுரையாகப் போகும். வீட்டுக்கு வந்து போன எல்லோருக்கும் கேட்டது அழுகை மட்டும்தான். "பால் காணாது மகள்" என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள்.

சொன்னதோடு விட்டார்களா? முருங்கை இலைச் சுண்டல், உள்ளி, பால்சுறா வறை, வெந்தயக் கஞ்சி. எல்லாம் பாசத்தோடு வந்தவை. மாமி விடிய நாலு மணிக்கு எழும்பி ஆக்கித் தருவா, அதை நான் எப்படி மறுப்பது? ஏற்கனவே வழிகிற வாளிக்கு எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீர் ஊற்றினோம்.

என் பங்குக்கு நானும் ஒரு பிழை செய்தேன். மார் கட்டிக் கல்லுப்போல் ஆகிவிட்டது என்று இவர் ஒரு பம்ப் வாங்கித் தந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்தேன். அந்த ஒரு மணித்தியாலம் நிம்மதி. ஒரு கிழமையில் முன்னையதைவிட மோசம். பிறகுதான் மிட்வைஃப் மிஸ் விளங்கப்படுத்தினா. மார் எவ்வளவு காலியாகிறதோ அந்த அளவுக்குத் திரும்பச் சுரக்கும். நான் பம்ப் பண்ணியது உடம்புக்கு, வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்ன மாதிரி. மார் கொஞ்சம் நிறைந்து நின்றால்தான் சுரப்பு மெதுவாகும்.

பச்சை மலத்துக்கும் அவவிடம் பதில் இருந்தது. பிள்ளை குடிக்கத் தொடங்கும்போது வருகிற பாலில் கொழுப்புக் குறைவு. மார் காலியாகக் காலியாகக் கொழுப்புக் கூடும். பால் மிதமிஞ்சி இருந்தால், முன்னால் வருகிற அந்தத் தண்ணிப் பாலிலேயே பிள்ளையின் வயிறு நிரம்பிவிடும். பாலில் உள்ள சீனி குடலுக்குள் வேகமாகப் போய்ப் புளித்துக் காற்றாகும், வயிறு குத்தும். பிள்ளை அழும். அழுதால் நாங்கள் மற்றப் பக்கம் மாற்றிக் கொடுப்போம், அங்கேயும் தண்ணிப் பால்தான் வரும். பால் சூடும் இல்லை, கெட்டதும் இல்லை.

அவ சொல்லித் தந்தவை சின்ன விஷயங்கள்தான். நிமிர்ந்து இருந்து கொடுக்காமல் தலையணை வைத்துப் பின்னால் சாய்ந்து, பிள்ளையை என் மேல் குப்புறப் போட்டுக் கொடுப்பது. பால் மேல்நோக்கி வரவேண்டி இருப்பதால் வேகம் குறையும். பாய்கிற நேரம் பிள்ளையை எடுத்துவிட்டு, முதல் வேகத்தை ஒரு துவாயில் விட்டுவிட்டுத் திரும்ப வைப்பது. நல்லாப் பசித்து வெறிகொண்டு இழுக்கும் வரை காத்திராமல், கையைச் சப்பத் தொடங்கும்போதே கொடுப்பது. இடையிடையே ஏவறை எடுப்பிப்பது. மார் வலித்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் கொஞ்சம் பீச்சி, குளிர்த்துணி வைப்பது.

இதெல்லாம் ஒரு கிழமை செய்தும் சரிவராததால்தான் அடுத்ததைச் சொன்னா. சுமார் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரே பக்கம். அதற்குள் பிள்ளை எத்தனை தரம் கேட்டாலும் அதே பக்கம்தான், பிறகு மற்றப் பக்கம். இதை மட்டும் யாரும் என் பதிவைப் பார்த்து நீங்களாகவே தொடங்காதீர்கள். நிறை சரியாகக் கூடாத பிள்ளைக்கு இது ஆகாது, உண்மையில் பால் குறைந்துவிடும். கிளினிக்கில் நிறை பார்த்து, அவர்கள் சொன்னால் மட்டும், சொன்ன நாளுக்கு மட்டும். எனக்கு ஐந்தாறு நாளில் வித்தியாசம் தெரிந்தது. மகன் முதல்தடவை குடித்துவிட்டு அப்படியே தூங்கியது ஒரு ஜும்ஆ நாள் பகல். மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஆனால் அந்த நாட்களில் எனக்குப் பெரிய வலி மாரில் இல்லை. ஒருதரம் வாய் தவறி "பால் கூடிப்போச்சு, கஷ்டமாக இருக்கு" என்றேன். சொந்தத்தில் ஒரு ராத்தா, "அப்படிச் சொல்லாத, கண்ணூறு படும். பால் இல்லாம எத்தனை பேர் அழுறாங்க, ஷுக்ர் செய்" என்றா. அதோடு வாயை மூடிக்கொண்டேன். பால் இல்லாத தாய்க்கு அனுதாபமாவது கிடைக்கும். பால் கூடியவளுக்கு அதுவும் கிடையாது, நன்றி கெட்டவள் என்ற பெயர்தான்.

தாய்மார் இரண்டு வருடம் பாலூட்டுவதைப் பற்றி சூரா பகராவில் வருகிற ஆயத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும். பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். அதே ஆயத்தில், பிள்ளையின் பேரால் தாய் வருத்தத்துக்கு உள்ளாக்கப்படக் கூடாது என்றும் இருக்கிறது, அவளுடைய உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கஷ்டமாக இருக்கிறது என்று சொல்வது ஷுக்ர் இல்லாமை ஆகாது.

மிஞ்சிய பாலைப் பற்றியும் ஒன்று. "பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுங்களேன்" என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு அது லேசான காரியம் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை குடித்தால் அந்தப் பிள்ளை எங்கள் பால்குடிப் பிள்ளை, எங்கள் பிள்ளைகளுக்குச் சகோதரம், நிக்காஹ் ஹராம். தேவைக்குக் கொடுப்பது தர்மம்தான். ஆனால் இரண்டு குடும்பமும் தெரிந்து, ஒரு மௌலவியிடம் கேட்டு, எழுதி வைத்துவிட்டுக் கொடுங்கள். இருபது வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சு வரும்போது யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அழுகிற எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மலத்தில் இரத்தம், காய்ச்சல், நிறை கூடாமை, ஓயாத வாந்தி என்றால் உடனே டொக்டரிடம் போங்கள். தாய்க்கு மாரில் ஒரு இடம் சிவந்து சூடாகி, குளிரும் காய்ச்சலும் வந்தாலும் அப்படித்தான். அந்த நேரம் பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உம்மாமார், மாமிமார், ராத்தாமாரிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில் "பால் காணாது" என்று சொல்லுமுன், கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். மேலே போகிறதென்றால் அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். அழுகிற பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தாயை ஒரு மணித்தியாலம் தூங்க விடுங்கள்.

என்னிடம் கோல் எடுத்த பிள்ளை பால்மா வாங்கவில்லை. சாய்ந்து கொடுத்துப் பார்த்தாளாம், இருமல் கொஞ்சம் குறைவாம். அழுகை இன்னும் இருக்கிறது. புதன்கிழமை கிளினிக். "மாமியையும் கூட்டிட்டுப் போ, மிஸ் சொல்றதை அவங்களும் கேக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறேன்.