மடியிலே பறக்கும் மழலைகள்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் திருவனந்தபுரம் விமான நிலையத்தை அடையலாம். 1935-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து டாட்டா கம்பெனியின் விமானம் தபால் மூட்டையுடன் அவ்வூரில் வந்திறங்கிற்று. அன்று வந்த மூட்டைகள் வாய் திறந்து பேசவில்லை. இன்று அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் புறப்படும் விமானங்களிலோ, ஊரையே எழுப்பக்கூடிய குரல் படைத்த பிரயாணிகள் பலர் ஏறுகிறார்கள். கைக்குழந்தைகளைத்தான் சொல்லுகிறோம்.

நமது விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் தகப்பன் துபாயிலோ மஸ்கட்டிலோ உழைக்க, தாய் பிறந்தகத்தில் பிள்ளை பெறும் குடும்பங்கள் அநேகம். குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆனதும், கைப்பேசியில் மட்டுமே மகவின் முகத்தைக் கண்ட தகப்பனிடம் அதைக் கொண்டு சேர்க்க, தாய் தன்னந்தனியாய்க் கடல் தாண்டுகிறாள். பிறந்த சிசுவானாலும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும் என்பது முதலிய விஷயங்களை டிக்கட் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதவற்றையே இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில், குழந்தை ஏன் அழுகிறது? விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல் வைக்கப்பட்டிருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் இவ்வழுத்தம் மாறுகிறது. நடுச்செவியையும் தொண்டையின் மேற்புறத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்தால்தான் செவிக்குள் அழுத்தம் சமனாகும். குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாயும் குறுகலாயும் ஏறக்குறைய படுக்கை வாட்டத்திலும் அமைந்திருப்பதால் எளிதில் திறப்பதில்லை. அதனால் வலிக்கிறது; வலிப்பதால் அழுகிறது. எச்சிலோ பாலோ விழுங்கும்போது அக்குழாய் திறக்கிறது. ஆகவே தாய்ப்பாலே இதற்குத் தலைசிறந்த மருந்து. ஏறும்போதைவிட இறங்கும்போதே வலி அதிகம். அந்த இறக்கமோ, தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரைமணி முன்பே தொடங்கிவிடுகிறது. அச்சமயத்தில் உறங்கும் குழந்தையை எழுப்பிப் பாலூட்டுவது நலம். கடுஞ்சளியோ காதுவலியோ இருந்தால், புறப்படுமுன் வைத்தியரைக் கண்டு கேட்பது அவசியம்.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தைக் கண்டிக்காமல் மேலே செல்ல இயலவில்லை. “சளி மருந்து கொஞ்சம் கொடுத்தால் பிள்ளை அசந்து தூங்கும்” என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்கிறார்கள். உறங்கும் குழந்தை அதிகம் விழுங்குவதில்லை. செவிக்குழாய் திறப்பதும் குறைகிறது. மருந்தின் மயக்கமோ சிசுவின் மூச்சையே தளர்த்தக்கூடும். சில குழந்தைகளுக்கு அம்மருந்து உறக்கத்திற்குப் பதிலாகப் பதற்றத்தை உண்டாக்குவதும் உண்டு. நாலு மணி நேர அமைதிக்காக இவ்வளவு விலை கொடுக்க எந்தத் தாயும் இசையமாட்டாள், விஷயம் தெரிந்தால்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையம் தேனீ வளர்ப்பைப் பரப்பிய நாள் முதல், மார்த்தாண்டத்தின் பெயரோடு தேனும் ஒட்டிக்கொண்டது. “மக்களே, பிள்ளை அழுதால் ஒரு துளி நாக்கில் தொட்டு வை” என்று பாட்டி குப்பியைக் கையில் கொடுப்பாள். அவளுடைய அன்பில் குறையில்லை. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தேன் தகப்பனுக்கு இருக்கட்டும், பெட்டியில் போகட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, குழந்தை எங்கே அமர்வது என்பது. இரண்டு வயது நிரம்பாத குழந்தை தாய் மடியிலேயே பிரயாணம் செய்யலாம் என்பது பொதுவான விதி. 1989 ஜூலை 19-ஆம் தேதி அமெரிக்காவில் ஸியூ சிட்டி என்னுமிடத்தில் ஒரு விமானம் நொறுங்கி விழுந்து, 296 பேரில் 112 பேர் மாண்டனர். மடியிலிருந்த நான்கு குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று உயிரிழந்தது. அதன் பின்னர், சிசுக்களுக்கும் தனி ஆசனமும் கட்டும் வேண்டும் என்ற கிளர்ச்சி அந்நாட்டில் எழுந்தது. 2005-ல் அந்நாட்டு விமான அதிகாரிகள் அதைச் சட்டமாக்க மறுத்தனர். தனி டிக்கட்டை வற்புறுத்தினால் பல குடும்பங்கள் மோட்டாரில் செல்லும், சாலையில்தான் அதிகக் குழந்தைகள் மாளும் என்பது அவர்கள் காட்டிய காரணம்.

அந்த நியாயம் அமெரிக்காவுக்குப் பொருந்தலாம். நம் ஊர்த் தாயோ அரபிக் கடலின் மீது மோட்டார் ஓட்டிச் செல்லப் போவதில்லை! அவளைத் தடுப்பது பணம் ஒன்றே. ஆதலால் வசதியுள்ளவர்கள் தனி ஆசனம் வாங்கி, விமானத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட குழந்தை நாற்காலியைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும் என்போம். இயலாதவர்கள், பணிப்பெண் தரும் சிறு பட்டையைத் தம் பட்டையில் கோத்துக் குழந்தைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே பட்டைக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டினால், தாயின் உடலே குழந்தையை நசுக்கிவிடும். சிசுவின் ஆசனத்துக்குக் குறைந்த கட்டணம் நிர்ணயிப்பது விமானக் கம்பெனிகளுக்கு அழகு. 12 வயது வரையிலான குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவரது அருகிலேயே அமர்த்த வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இந்திய விமானத்துறை கட்டளையிட்டது. அந்தக் கருணை மடிக் குழந்தைகளையும் எட்டட்டும்.

கடைசியாக, பக்கத்து ஆசனத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அழும் குழந்தையைக் கண்டு முகம் சுளிப்பதால் அழுகை நிற்பதில்லை. தாயின் கைதான் நடுங்குகிறது. மேலே உள்ள பையை எடுத்துக் கொடுங்கள்; பால் குப்பியைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அப்பால் ஒரு தகப்பன் விமான நிலைய வாசலில் அந்தக் குரலைக் கேட்கத்தான் காத்து நிற்கிறான்.