வெள்ளித் தண்ணியும் நம்ம தோட்டத்து நாயும்

பக்கத்துத் தோட்டத்துல மூணு மாசக் குட்டி ஒண்ணுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டது. தோட்டக்காரர் நம்ம ஆளு. பத்து வருசமா உரமூட்டையைத் தொடாதவர். 'ஊசியெல்லாம் ரசாயனம்' என்று சொல்லி, இயற்கை மருந்து என்று யாரோ விற்ற கொலாய்டல் சில்வரை மூணு நாள் ஊத்தினார். நாலாம் நாள் குட்டியை வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

அவரைக் குறை சொல்ல மனசு வரல. ஆனா இதைப் பேசாம விட்டா அடுத்த குட்டியும் போகும்.

அது என்ன மருந்து? வெள்ளியின் நுண்துகள்களைத் தண்ணியில் மிதக்க விட்ட கூழ்மம். வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அது பொய்யில்லை. தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பில் இருப்பதும் அதுதான். ஆனால் புண்மேல் பூசுவது வேறு, வயிற்றுக்குள் ஊத்துவது வேறு. உள்ளே கொடுத்தால் நாயின் நோய் தீரும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. மனிதருக்கு மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் வெள்ளிக் கூழ்மங்களைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1999-லேயே விதி போட்டது. வெள்ளி உலோகம், மட்காது, உடம்பில் தங்கும். தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பலாகி, அப்படியே நின்றுவிட்டதும் உண்டு.

குட்டிகளுக்கு இப்படி வரும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் பார்வோ வைரஸ்தான் காரணம். உடம்பில் நீர் வற்றித்தான் பல குட்டிகள் சாகின்றன. முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போய் டிரிப்ஸ் ஏத்தினால் பல குட்டிகள் பிழைக்கும். இங்கே போனது அந்த மூணு நாள்தான்.

அதைவிடச் சுலபம் தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை போடணும். வெறிநோய் ஊசி மூணாம் மாசம். வெறிநோய் கண்ட நாய்க்கு வெள்ளியுமில்லை, தங்கமுமில்லை, சாவுதான். தடுப்பூசி யூரியா மாதிரி அல்ல. நோயோடு உடம்பே சண்டை போடப் பழக்குவது.

எண்டோசல்ஃபானை எதிர்த்தபோது நாம் என்ன கேட்டோம்? 'பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் எங்கே' என்றுதானே? 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதே கேள்வியை, லேபிளில் இலைப்படம் போட்டு வருகிறவனிடமும் கேட்கணும். நுண்ணுயிரைப் பெருக்க ஜீவாமிர்தம் கரைக்கிற நாம், எல்லா நுண்ணுயிரையும் கொல்லும் என்று சொல்லி விற்பதை வாங்கி நாயின் குடலில் ஊத்துவது என்ன நியாயம்?

ராத்திரி முழுக்கக் காட்டுப்பன்னியை விரட்டி நம்ம வெள்ளாமையைக் காக்கிற ஜீவன் அது. அதுக்கு வாய் இல்லை. அதுக்காகக் கேள்வி கேட்க வேண்டியது நாமதான்.