தொட்டி இன்று, மீன் அடுத்த மாதம்

எங்கள் குடியிருப்பில் மீன் செத்தால் யாரும் தண்ணீரைச் சந்தேகப்படுவதில்லை. கண் திருஷ்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். "வீட்டுக்கு வர இருந்த கண்டம் மீனோட போச்சு" என்று வீட்டில் ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் மனசு ஆறிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது ஜோடி வந்து இறங்கும். நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்னை 'வாஸ்து மீன்' என்று விலை வைத்து விற்பவர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை கிடையாது. மிக்ஸி பழுதானால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போடுகிறோம். நம் கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு செத்த மீனுக்கு யார் பில்லை நீட்டுவார்கள்?

நான் பெரம்பூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அக்கம்பக்கத்து மீன்களுக்குப் பிரேதப் பரிசோதனை செய்கிற வேலை, கேட்காமலே என் தலையில் விழுந்துவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: திருஷ்டியில் செத்த மீன் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பெரும்பாலானவை அமோனியாவில் செத்தவை. அந்தச் சாவுக்கான காரணமும் கடையிலேயே, பில் போடும்போதே ஆரம்பித்துவிடுகிறது. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில், ஒரே பையில் போட்டு விற்கிற வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

கீழ்வீட்டுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்குப் பிறந்தநாள். கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், கலர் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, தீனி டப்பா, இரண்டு கோல்டுஃபிஷ் எல்லாம் வாங்கி வந்தார்கள். நாலைந்து நாளில் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பசிக்குதுபோல" என்று பாட்டி இன்னும் இரண்டு சிட்டிகை தீனி போட்டிருக்கிறார். அம்மா என்னிடம் வந்தார். "டீச்சர், நேத்துகூட தண்ணிய முழுசா மாத்தினோம். கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. இதுல என்ன குறை?"

என் சோதனைப் பெட்டியோடு போனேன். சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து, ஒரு குலுக்கு, ஐந்து நிமிஷம் பொறுமை. அவ்வளவுதான் வேலை. அமோனியா இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சளாகவே நிற்கும். இருந்தால் பச்சையாகும். பையன் முகத்தைக் குழாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தான். மஞ்சள் அடியிலிருந்து கலங்கி, வாழைக் குருத்து நிறத்துக்கு வந்து, நிற்காமல் இன்னும் கறுத்து, அட்டையிலிருந்த கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. "தண்ணி சுத்தமாத்தானே ஆன்ட்டி இருந்துச்சு?" என்றான். வகுப்பில் நாற்பது பேரில் ஒருவன் கேட்கிற கேள்வி அது.

மீனின் கழிவு என்றால் அடியில் கிடக்கும் கறுப்புத் துணுக்குகளைத்தான் நினைக்கிறோம். அமோனியாவில் பெரும்பங்கு செவுள் வழியாக, மூச்சோடு மூச்சாக வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாது. சாப்பிடாமல் கிடக்கும் தீனியும் அழுகி அதனோடு சேர்கிறது. இந்த அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். அதில் ஒன்றுதான் கொடியது. pH 7 உள்ள தண்ணீரில் அந்தக் கொடிய உருவம் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு. pH 8-க்குப் போனால் 20-ல் ஒரு பங்கு. தண்ணீர் சூடேறினால் இன்னும் கூடும். சென்னையில் பல வீட்டுப் போர் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று ஹீட்டர் கம்பியில் படியும் வெள்ளை உப்பே சொல்லும். அதோடு மே மாத வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கிண்ணத்து மீன் மேலே வந்து வாயைத் திறப்பது பசியால் அல்ல.

அமோனியாவைச் சாப்பிட்டு ஒழிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், தொட்டி ஓரத்தில் ஒரு மணி பிளான்ட்டின் வேரைத் தொங்கவிட்டால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அன்று வாங்கிய தொட்டியில் அவை இருக்கவே முடியாது. கீழ்வீட்டில் செய்தது போல முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அன்றைய அமோனியா போகும். கூடவே அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்த பாக்டீரியாவும் போகும். மெட்ரோ வாட்டரின் குளோரின் செவுளை அரிக்கும். கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மனுஷனுக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே என்று. ஆர்.ஓ. தண்ணீரில் கோல்டுஃபிஷுக்கு வேண்டிய தாது உப்பு அநேகமாக இருக்காது.

கிண்ணத்தைப் பற்றித் தனியாக வாதாட எனக்குப் பொறுமை இல்லை. கோல்டுஃபிஷ் அரையடிக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சிக் கடையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற மீன் 43 வயது வரை வாழ்ந்து 1999-ல் செத்தது. அந்த ஜாதியை நான்கு லிட்டர் கிண்ணத்தில் போடுகிறோம். ரோம் நகராட்சி 2005-லேயே உருண்டைக் கிண்ணத்துக்குத் தடை போட்டது. நம் மத்திய அரசும் 2017-ல் மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்து, அதில் கிண்ணத்தையும் தடுத்தது. ஆனால் அதே விதிகளில் கடைக்கு ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும் என்றும், 158 வகை மீன்களை விற்கவே கூடாது என்றும் சேர்த்துவைத்தார்கள். வியாபாரிகள் கொதித்தார்கள், விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிண்ணமும் தப்பித்துக்கொண்டது. இருபது வகை தடைகளை ஒரே மூச்சில் போடுவதைவிட, அமலாகக்கூடிய ஒன்றைப் போடலாம் என்பது என் கட்சி.

அந்த ஒன்று இதுதான்: தொட்டி வாங்குகிறவருக்கு அன்றைக்கு மீன் கிடையாது. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் நிரப்பி, குளோரின் போக்கி, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனியை வெறும் தண்ணீரில் போடட்டும். அது அழுகித் தரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டில் தண்ணீரோடு கடைக்கு வரட்டும். மஞ்சள் நிறம் மாறாமல் நின்று, நைட்ரைட்டும் இல்லையென்றால் மீன் கொடுக்கலாம்.

"பிறந்தநாளுக்கு வந்த குழந்தை வெறும் தொட்டியோட போகுமா?" என்பார்கள் வியாபாரிகள். நியாயமான கேள்விதான். சிமென்ட் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்து இந்தத் தொழிலில் பிழைக்கிற குடும்பங்கள் வடசென்னையில் நிறைய. அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்க வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்பது ஒரு கணக்கு. இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். எந்த அடுக்குமாடியின் மொட்டைமாடிக்குப் போனாலும் தண்ணீர் டேங்க் பின்னால் ஒரு காலி மீன்தொட்டி கிடக்கிறது. எங்கள் மாடியில் ஒன்றில் கொத்தமல்லி முளைக்கிறது. அப்படி ஒதுங்கிப் போனவர்கள்தான் வியாபாரிக்கு உண்மையான நஷ்டம். கையோடு தள்ளிவிடும் 'டேங்க் கிளீனர்' மீனும் இதே கதைதான். அது மீன் கழிவைத் தின்னாது, தன் பங்குக்கும் போடும், ஒரு அடிக்கு மேல் வளரும். வைத்துக்கொள்ள முடியாமல் புண்ணியமாகப் போகட்டும் என்று ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை வீசுகிறவர்கள் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மாதம் காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. உறைக்குப் பக்கத்து வீட்டில் மோர் வாங்குவதில்லையா, அது மாதிரி ஓடுகிற தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பழைய ஸ்பான்ஜை, ஈரம் காயாமல் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் வைத்தால் போதும், வாரங்கள் நாட்களாகச் சுருங்கும். கீழ்வீட்டில் ஒரு மீன்தான் பிழைத்தது. அதை வாளிக்கு மாற்றி, இரண்டடித் தொட்டி வாங்கவைத்து, என் தொட்டி ஸ்பான்ஜில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். பையன் இப்போது குழாயைக் குலுக்கித் தானே பார்க்கிறான். கடைகளிலும் இதைச் செய்யலாம். ஒரு பெரிய தொட்டியில் ஐம்பது ஸ்பான்ஜை ஊறவிட்டு, நாலு மீனோடு ஓடவிட வேண்டியதுதான். தொட்டி வாங்குகிறவருக்கு மீனுக்குப் பதிலாக, மீனுக்கு முன்னால், அதில் ஒன்றைத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அழுக்கு ஸ்பான்ஜுக்கு என்னம்மா விலை போடுறது?" என்றார். ஒரு ஜோடி கோல்டுஃபிஷ் விலையையே போடுங்கள் என்றேன்.